பொதிகையும் திரைமுத்திரையும்

பொருளின்மீது இடப்பெறும் பெயர், அப்பொருள் யாருடையது என்பதை உணர்த்தும். பாத்திரத் தொழிலாற் பெயர்பெற்ற அனுப்பர்பாளையத்தில் உருவாகும் பித்தளைக் குடத்தின்மீது பின்னர்ப் பொறிக்கப்பெறும் பெயர், அதனைச் செய்த கம்மியர் பெயரன்று. வாங்கினார் பெயரோ, சீராகக் கொடுத்தார் பெயரோ ஆம். தொலைக்காட்சித் திரையின் மூலையில் நிற்கும் முத்திரையோ ஒளிபரப்புவோரையே சுட்டும். அம்முத்திரையிற் பார்ப்போர்க்கும் இடமுண்டா என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகும் வினா.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15-ஆம் நாள் தொடங்கப்பெற்றது. 1976 ஏப்ரல் 1-ஆம் நாள் தூர்தர்சன் வானொலியினின்றும் பிரிந்து தனியமைப்பாயிற்று. அதன் கண் வடிவச் சின்னம், அகமதாபாத்துத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மாணவராயிருந்த தேவாசிசு பட்டாச்சார்யா வரைந்தது. நடுவே ஒரு வட்டம். அதனைச் சூழ இரு வளைவுகள். எழுத்தின்றியே பொருளுணர்த்தும் திறத்தால் அஃது எம்மொழியார்க்கும் பொதுவாயிற்று. அப்பொதுச் சின்னத்தோடு பின்னர்ச் சேர்ந்த ‘பொதிகை’ என்னும் பெயரே தமிழர்க்குரிய பங்கு.

பொதிகை வெறும் மலைப்பெயரன்று. அஃது அகத்தியர் உறைவிடம் என மரபு கூறும். புறநானூற்றின் இரண்டாம் பாட்டில் முரஞ்சியூர் முடிநாகனார், சேரமான் உதியஞ்சேரலாதனை வாழ்த்துங்கால், இமயத்தையும் பொதியத்தையும் அசையாது நிலைக்கும் இணையாக வைத்தார். தில்லியைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனத்தின் கண்ணருகே பொதிகை நின்றபோது, அப்பழைய இணை திரையிற் புலப்பட்டது எனலாம். மராத்திக்குச் சகியாத்திரி, குசராத்திக்குக் கிர்நார், தெலுங்கிற்குச் சப்தகிரி, யாதகிரி என அமைந்த மலைப்பெயர் வரிசையிலும் அதற்கு ஓரிடம் இருந்தது.

2024 சனவரி 19-ஆம் நாள் அவ்வலைவரிசை ‘டிடி தமிழ்’ எனப் பெயர் மாறிற்று. மொழியின் பெயரே வந்தபின் குறை யாது என வினவுவார் உளர். புதியோர்க்கு அப்பெயர் எளிது என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆயின் ‘பொதிகை’ அவ்வலைவரிசைக்கே உரிய சிறப்புப்பெயர். ‘தமிழ்’ என்பது ஈண்டு வகை சுட்டும் குறிப்பாக மட்டுமே நிற்கின்றது. பல மொழிப் பிரிவுகளுள் இஃது ஒன்று என்பதற்குமேல் அது யாதும் கூறவில்லை. பெருமைமிக்க சொல்லும் தான் நிற்கும் இடத்தாற் சுருங்கும். அவ்வாண்டு ஏப்ரலில் டிடி நியூஸ் முத்திரை செந்நிறத்தினின்று காவியாக மாறியது பலராலும் பேசப்பட்டது. நிறமாற்றத்தினும் பெயர்மாற்றம் ஆழமானது என்பது நம் துணிபு.

குடத்திற் பொறித்த பெயர் அதனை உருக்குங்காறும் அழியாது; திரைமுத்திரை ஒரே நாளில் மறையும். ஆதலின் பழைய முத்திரைகளை ஆண்டுமுறையில் தொகுத்து, கல்வெட்டுப் படிகளைப்போற் காப்பது தமிழ்த்துறைகளின் கடன். புதுப்பெயரோடு பொதிகையையும் இணைத்து வழங்குதல் நிறுவனத்தார்க்கும் அரிதன்று.