கிறித்துமஸ் பாடல்: பொருளா, பொழுதா?

ஒரு பாடலைக் கிறித்துமஸ் பாடல் என வகைப்படுத்துவது எது? பாடுபொருளே என்பது பொதுவான விடை. பாடல் நூல்களைத் தொகுப்போரும் 'கிறித்து பிறப்பு' என்னும் தலைப்பின்கீழ்ப் பொருள் நோக்கியே பாடல்களைச் சேர்க்கின்றனர். இவ்விடை வழக்கோடு பொருந்துமா என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

ஐசக் வாட்ஸ் 1719இல் வெளியிட்ட 'ஜாய் டு தி வேர்ல்ட்' 98ஆம் சங்கீதத்தைத் தழுவியது. அதில் மேய்ப்பரும் இல்லை, முன்னணையும் இல்லை. ஜேம்ஸ் பியர்பான்ட் 1857இல் வெளியிட்ட 'ஜிங்கிள் பெல்ஸ்' பனிமீது குதிரை இழுத்துச் செல்லும் சறுக்குவண்டியைப் பாடுவது. பண்டிகையின் பெயர்கூட அதில் இல்லை. இரண்டும் இன்று கிறித்துமஸ் பாடல்கள். மறுதலையாக, தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் (1774–1864) 'பெத்லகேம் குறவஞ்சி' பிறப்பிடத்தின் பெயரைத் தலைப்பிலேயே தாங்கியும், தேவமோகினியின் காதலைப் பாடும் சிற்றிலக்கியமாகவே கொள்ளப்படுகிறது. ஆகவே பிறப்பைக் குறிக்கும் சொல் இன்றியமையாததும் அன்று. அது மட்டுமே போதுமானதும் அன்று.

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. அகப்பாட்டில் பொழுது பாட்டினுள்ளே அமைவது; கிறித்துமஸ் பாடலிலோ அது பாடும் செயலில் அமைகிறது. இவ்வேறுபாட்டை மும்பைத் தமிழரிடையே தெளிவாகக் காணலாம். மாட்டுங்காத் தமிழர் மார்கழியில் நாளுக்கொரு பாசுரமாக ஓதும் திருப்பாவையின் முப்பது பாசுரங்களுள் சிலவே அம்மாதத்தின் பெயரைச் சொல்கின்றன. ஏனையவை ஓதும் முறையாலேயே மார்கழிப் பாட்டாகின்றன. அதே மார்கழியின் பத்தாம் நாளையொட்டிக் கிறித்துமஸ் வருகிறது. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கெனக் குடிபெயர்ந்தோரின் வழியினர் வாழும் தாராவியிலும், செம்பூரிலும், தமிழ்க் கிறித்தவர் கீத பவனியில் பாடுவனவற்றுள் கீர்த்தனையும் உண்டு, பாமாலையின் மொழிபெயர்ப்பும் உண்டு.

அங்ஙனமாயின் பவனியில் பாடப்பெறும் அனைத்தும் கிறித்துமஸ் பாடலாகுமா? ஆகா. பொதுவான துதிப்பாடல் பவனியில் ஒலிப்பினும், ஆகஸ்டு மாத ஆராதனையிலும் ஒலிப்பதால் வகை மாறுவதில்லை. ஓர் ஒலியை அது வரும் இடத்தோடு வாரா இடத்தையும் கொண்டு வரையறுப்பது மொழியியல் மரபு. அவ்வாறே, டிசம்பரில் ஆண்டுதோறும் பாடப்படுவதும் பிற மாதங்களில் பாடாது விடப்படுவதும் சேர்ந்தே ஒரு பாடலைக் கிறித்துமஸ் பாடலாக்குகின்றன.

இம்முடிவு மொழிபெயர்ப்பாளர்க்கு உரியது. மேலைநாட்டுப் பாடல்களின் உறைபனியும் தமிழில் 'பனி' எனப்படும். மார்கழியின் அதிகாலை ஈரமும் 'பனி' எனப்படும். மார்கழியும் தையும் நமக்கு முன்பனிக் காலம். 'உறைபனி' என்று துல்லியப்படுத்தும் பெயர்ப்பு பொருளைக் காத்துப் பொழுதை இழக்கிறது. வெறும் 'பனி' பொருளைச் சற்று நெகிழவிட்டுப் பாடலை நம் மார்கழியில் அமர்த்துகிறது. பாடுவதற்கென்று பெயர்ப்பவர் பின்னதையே தேர்தல் தகும்.

மெட்டில் அமையாத பெயர்ப்பு எத்துணைத் துல்லியமாயினும் பிறப்பைப் பற்றிய செய்யுளாகவே நின்றுவிடும். தமிழ் பேசியும் தமிழெழுத்து அறியாது வளரும் மும்பைப் பிள்ளைகளுக்கு அது அச்சிலும் எட்டாது. அவர்களைப் பொறுத்தவரை டிசம்பரில் வாயில் வராத பாடல் இல்லாத பாடலே. தொகுப்பாளர் பொருட்பகுப்போடு, எப்பாடல் எப்பொழுதில் பாடப்படுகிறது, எப்பொழுதில் விடப்படுகிறது என்பதையும் பதிவு செய்தல் வேண்டும்.