கின்ஷாஸா இசைக் குழுவும் நமது இரக்கமும்

ஏழை நாட்டுக் கலைஞர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் நம்மவர் வாயில் முதலில் வருவது வியப்பு. அதனை அடுத்து வருவது இரக்கம். அவர்கள் ஆக்கிய கலை நன்றாக இருந்ததா என்னும் கேள்வி பெரும்பாலும் எழுவதேயில்லை. ஆப்பிரிக்காவில், காங்கோ நாட்டுத் தலைநகரான கின்ஷாஸாவில் இயங்கும் ஓர் அமெச்சூர் சிம்பொனிக் குழுவைப் பற்றிய ‘கின்ஷாஸா சிம்பொனி’ என்னும் விவரணப் படத்தைக் கண்ட நண்பர் சிலரோடு உரையாடியபோதும் இதையே கண்டேன். “பாவம், எவ்வளவு துன்பத்துக்கு இடையிலும் வாசிக்கிறார்கள்!” என்றனர். “சரி, எப்படி வாசிக்கிறார்கள்?” என்று வினவினேன். ஒருவரும் விடை கூறவில்லை. அவ்விடையைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

படத்தை எடுத்தவர்கள் கிளாவுஸ் விஷ்மன், மார்ட்டின் பேர் என்னும் ஜெர்மானியர் இருவர். 2010-ஆம் ஆண்டில் வெளிவந்தது. 95 நிமிடம் ஓடுவது. குழுவின் வரலாறோ 1994-இல் தொடங்குகிறது. அதனைத் தோற்றுவித்த அர்மான் டியாங்கியெண்டா இசைக் கல்லூரியில் பயின்றவர் அல்லர், விமானம் ஓட்டியவர். வேலை பார்த்த விமானக் கம்பெனி மூடப்பட்டபின், தம் பாட்டனார் சைமன் கிம்பாங்குவின் பெயரால் விளங்கும் திருச்சபையின் அன்பர்களைத் திரட்டி இக்குழுவை அமைத்தார். செல்லோ, டிராம்போன், பியானோ ஆகியவற்றை அவரே முயன்று கற்றுக்கொண்டார். கையில் இருந்தவை சில பிடில்கள். கற்க வந்தவர்களோ அவற்றினும் பலர். ஆகவே ஒருவர் சிறிது நேரம் வாசித்துவிட்டு அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டியதாயிற்று. தந்தி அறுந்தால் வாங்கக் கடையில்லை. சைக்கிள் பிரேக் கம்பியைப் பிரித்தெடுத்துத் தந்தியாகக் கட்டினார்கள்.

இந்தப் பிரேக் கம்பிதான் உலகெங்கும் பேசப்பட்டது. இக்குழுவைப் பற்றி எழுதியவர்களில் அதனைக் குறிப்பிடாதவர் அரியர். நானும் இங்கே குறிப்பிட்டுவிட்டேன். ஆயினும் அத்தோடு நின்றுவிடுவது முறையன்று. பிரேக் கம்பியில் பிறக்கும் ஒலி எத்தகையது? தடித்தது, கூர்மையற்றது, சுருதியில் எளிதில் நில்லாதது. அந்த ஒலியோடு போராடி, அதனை ஒரு பிடிலின் ஒலியாக்கக் காதும் விரலும் எத்தனை மாலை வேளைகளைச் செலவிட்டிருக்கும்! வியக்க வேண்டிய இடம் அது.

நம் வாசகர்களுள் சிம்பொனியைப் பழகாதவர்களும் இருப்பர். அவர்களுக்காக ஒரு சொல். நமது கச்சேரியில் பாடகர் ஒருவர் தலைமை தாங்குகிறார். பக்க வாத்தியக்காரர் இருவரோ மூவரோ அவரைத் தொடர்கின்றனர். மனோதர்மத்துக்கு அங்கே நிறைய இடமுண்டு. சிம்பொனியில் அறுபது எழுபது பேர் தாளில் எழுதியதை எழுதியபடியே வாசிக்க வேண்டும். ஒருவர் அரை மாத்திரை முந்தினாலும் கட்டடம் சரியும். நாற்பது வரி ஓய்வுக்குப்பின் ஒரே ஒரு சுரத்தை ஊதுவதற்காக எண்ணிக்கொண்டே காத்திருப்பவரும் உண்டு. பல ஆண்டு பயிற்சியும், ஒரே சீரான வருகையும் இன்றி இக்கலை நடவாது. வருகைப் பதிவேட்டோடு முப்பது ஆண்டுகளாக உறவாடிவரும் எனக்கு, சம்பளமே இல்லாத ஒரு பணிக்கு ஒரு நகரத்து உழைப்பாளிகள் மாலைதோறும் வந்து சேர்ந்தார்கள் என்பதே இப்படத்தின் முதல் அதிசயமாகப் பட்டது.

அவர்கள் யார்? விடியுமுன் எழுந்து சந்தையில் முட்டைப் பொரியல் விற்கும் ஓர் அம்மையார் செல்லோ வாசிக்கிறார். முழங்கால்களுக்கிடையே நிறுத்தி வாசிக்கும் பெரிய பிடில் அது. முடி திருத்துபவரும் மின்சார வேலை செய்பவருமான ஒருவர் தந்தி வாத்தியக்காரர். புல்லாங்குழல் வாசிக்கும் இளந்தாய் ஒருத்தி வாடகை வீடு தேடி அலைகிறாள். இன்னொருவர் ஆள் உயரத்துக்கு மேலான டபுள் பாஸ் வாத்தியத்தைத் தம் கையாலேயே செய்கிறார். அமெச்சூர் என்பதை நாம் ‘பொழுதுபோக்குக் கலைஞர்’ என்று பெயர்த்து வருகிறோம். முட்டை விற்கும் அம்மையாருக்குப் போக்குவதற்குப் பொழுது ஏது? இப்பெயர்ப்பை இனி மாற்றிக்கொள்வது நலம்.

படத்தின் பெரும்புகழ் பெற்ற காட்சி ஒன்று. பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியை வாசித்துக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றுவிடுகிறது. இருட்டில் இசை நிற்கவில்லை. மின்சாரம் அறிந்த வாத்தியக்காரர் தம் வாத்தியத்தை வைத்துவிட்டு விளக்கைச் சீர்செய்யப் போகிறார். மற்றவர்கள் மனப்பாடமாகவே தொடர்கின்றனர். கின்ஷாஸாவுக்கு இருட்டு புதியதன்று. 1998 ஆகஸ்டு மாதத்தில் கிளர்ச்சிப் படையினர் இங்கா அணைக்கட்டைக் கைப்பற்றித் தலைநகருக்கு வரும் மின்சாரத்தையே துண்டித்துவிட்டனர். அத்தகைய நாட்களையும் கடந்து வந்த குழு இது. காட்சி உள்ளத்தைத் தொடுகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால், என்னுள் இருக்கும் ஆசிரியன் அதில் வேறொன்றைக் கண்டான். இருட்டில் எழுபது பேர் ஒன்றாக வாசிக்க வேண்டுமானால், அந்தப் பாடம் அவர்களுக்கு எத்தனை முறை நடத்தப்பட்டிருக்க வேண்டும்! படம் நமக்கு இருட்டைக் காட்டுகிறது. பாடம் நடந்த நாட்களைப் போதுமான அளவு காட்டவில்லை.

இனி இசைக்கு வருவோம். ஒன்பதாம் சிம்பொனி நான்கு பகுதிகள் கொண்டது. வாசித்து முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். இறுதிப் பகுதியில்தான் மனிதக் குரல் எழுகிறது. ஜெர்மானியக் கவிஞர் ஷில்லரின் களிப்பு வாழ்த்துப் பாடல் அங்கே ஒலிக்கிறது. அப்பாடலின் மெட்டை முதன்முதலில் எடுத்துக் கொடுப்பவர் யார்? பாடகரும் அல்லர், முன்வரிசைப் பிடில்காரரும் அல்லர். செல்லோவும் டபுள் பாஸும் தனியே, மெல்லிய குரலில், துணை வாத்தியம் எதுவுமின்றி அதனைத் தொடங்குகின்றன. அதற்குமுன் வந்த மூன்று பகுதிகளின் கருத்துகளும் ஒவ்வொன்றாகத் தலைகாட்ட, அவற்றை மறுத்துப் பேசுபவையும் இவைதாம். பின்னரே வயோலா சேரும், பிடில்கள் சேரும், முடிவில் முழுக் குழுவும் முழங்கும். கின்ஷாஸாவில் இதன் பொருள் என்ன? சந்தையில் முட்டை விற்ற கை அந்த மெட்டைத் தொடங்குகிறது. வீட்டு முற்றத்தில் அறுத்து ஒட்டிய பலகைப் பெட்டி அதற்குத் துணை நிற்கிறது. படம் எடுத்தவர்கள் இவ்விருவரையும் தனித்தனியே நமக்கு அறிமுகம் செய்திருந்தும், பீத்தோவன் அவர்களை ஒன்றாக நிறுத்திய இந்த இடத்தை எடுத்துக்காட்டத் தவறிவிட்டனர். இவ்வளவு அருமையான வாய்ப்பு மற்றொரு படத்துக்குக் கிட்டாது.

வாசிப்பின் தரம் எவ்வாறு? ஒளிக்காமல் கூறுவேன். பாடகர் குழு வலிமையானது. கிம்பாங்கு திருச்சபையில் பாட்டும், குழலும், பித்தளை வாத்தியமும் வழிபாட்டின் உயிர்நாடி. ஆகையால் தொண்டையும் மூச்சும் அவர்களுக்குப் பிறவிச் சொத்துப்போல் அமைந்துள்ளன. அறியாத ஜெர்மன் சொற்களைக்கூட அவர்கள் கோவில் பாட்டின் உறுதியோடு பாடுகின்றனர். உச்சரிப்பில் பிழை உண்டு, பாவத்தில் இல்லை. பித்தளை வாத்தியங்களும் நன்று. குறை பிடில்களில். உயர்ந்த ஸ்தாயிக்கு ஏறும்போது சுருதி கலைகிறது. விரைவான இடங்களில் சிலர் முந்துகின்றனர், சிலர் பின்தங்குகின்றனர். காரணம் தெளிவு. குழல் ஊதுவதைத் திருச்சபையின் பெரியோரிடம் கற்கலாம். பிடிலின் கை அமைப்பைத் தொடக்கத்திலேயே திருத்தித் தர ஓர் ஆசான் வேண்டும். அவ்வாசான் இவர்களுக்கு வாய்க்கவில்லை. முதல் வகுப்பில் எழுதுகோலைத் தவறாகப் பிடித்த மாணவன் ஆறாம் வகுப்பிலும் அப்படியே பிடிப்பான். இதனை அறியாத ஆசிரியர் இலர்.

இப்படிக் குறை கூறுவது இரக்கமற்ற செயல் என்று சிலர் கருதலாம். டியாங்கியெண்டாவைப் பாருங்கள். ஒத்திகைக் காட்சிகளில் அவர் வாசிப்பை நிறுத்துகிறார். மறுபடியும் வாசிக்கச் சொல்கிறார். ‘பகலெல்லாம் உழைத்துவிட்டு வந்தவர்கள்தானே, போகட்டும்’ என்று அவர் விட்டுவிடுவதில்லை. அவர் கேட்கும் காதால் நாமும் கேட்பதுதான் அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை. எங்கள் வட்டாரப் பள்ளி விழா ஒன்றில், மேடையில் பிள்ளைகள் சுருதி பிசகிப் பாடியபோது, வந்திருந்த பிரமுகர் ஒருவர் “தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது போதும்” என்று பாராட்டிக் கைதட்டியதைக் கேட்டிருக்கிறேன். பத்து வயதுச் சிறுமி ஒருத்திக்கு அச்சொல்லின் பொருள் நன்றாகவே விளங்கியது. அவள் முகம் சுருங்கியது.

அமெச்சூர்களுக்கு ஒன்பதாம் சிம்பொனி தகுமா என்று ஐயுறுவோர் 1824 மே 7-ஆம் நாளை நினைவுகூர வேண்டும். அன்று வியன்னா நகரில் இது முதன்முதலாக அரங்கேறியபோது, நாடகசாலையின் சம்பள வாத்தியக்காரர் மட்டும் போதாமல், ‘இசை நண்பர்கள் கழகம்’ என்ற சங்கத்தின் அமெச்சூர்களும் அமர்ந்து வாசித்தனர், பாடினர். முழுக் குழுவும் கூடிச் செய்த ஒத்திகை இரண்டே இரண்டு. செவிப்புலன் இழந்த பீத்தோவனுக்குக் கைதட்டல் கேளாமல், பாடகி ஒருவர் அவரை அவையின் பக்கம் திருப்பிவிட்ட கதை பலரும் அறிந்ததே. அன்று வியன்னாவில் எழுந்த ஒலியும் குறையற்றதாக இருந்திருக்க முடியாது. ஒத்திகையின் எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பார்த்தால், கின்ஷாஸாக்காரர்கள் வியன்னாவினரை எளிதில் வென்றுவிடுவர்.

வேறொரு கேள்வியும் உண்டு. அது எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆப்பிரிக்கருக்கு ஐரோப்பிய இசை எதற்கு? சைமன் கிம்பாங்குவுக்கு 1921-இல் பெல்ஜிய ஆட்சியினர் மரண தண்டனை விதித்தனர். பின்பு அது ஆயுள் தண்டனையாக மாற்றப்பட்டது. முப்பது ஆண்டு சிறையில் கழித்து, 1951-இல் சிறையிலேயே உயிர் நீத்தார். நாடு விடுதலை பெற்றது 1960 ஜூன் 30-இல். பாட்டனாரைச் சிறையில் வைத்த கண்டத்தின் இசையைப் பேரன் கோலேந்தி நடத்துகிறார். இதனை அடிமைப் புத்தி என்று ஒருவர் ஏசலாம். நான் அவ்வாறு கருதவில்லை. வெள்ளையர் ஆட்சி அவர்களை இவ்விசையில் பழக்கவுமில்லை, வாத்தியம் வாங்கிக் கொடுக்கவுமில்லை. வேண்டுமென்று தேடி, பிரித்துப் பார்த்து, கையால் செய்து கற்றுக்கொண்டது எப்படி அன்னியர் உடைமையாகும்? டியாங்கியெண்டா தாமே இசை இயற்றவும் தலைப்பட்டிருக்கிறார். ஆயினும் இக்கேள்வியைப் படம் எழுப்பாமலே சென்றது பெருங்குறை. கிம்பாங்குவின் வரலாற்றுக்கு அங்கே தரப்பட்ட இடம் எனக்குப் போதவில்லை. அதனை அறியாதவர்க்கு, இத்தனை பேர் ஊதியமின்றி ஏன் கூடுகின்றனர் என்பது விளங்காது.

மற்றொரு குறை, வாத்தியக்காரர்களைத் தனித்தனியே தெருவோரத்தில் நிறுத்தி வாசிக்கச் செய்து படம் பிடித்தது. வண்டிகளும் புழுதியும் சூழ ஒருவர் வாசிப்பது கண்ணுக்கு அழகுதான். சிம்பொனியோ பலர் சேர்ந்து ஆக்கும் கலை. அங்கிருந்து ஒருவரைப் பிரித்துச் சேரியின் முன் நிறுத்தினால், நாம் பார்ப்பது சேரியை, கேட்பது குறைவு. ஒன்பதாம் சிம்பொனியின் இறுதிப் பகுதியையும் முழுமையாகக் கேட்கும் வாய்ப்பைப் படம் நமக்குத் தரவில்லை. ஐந்தாறு நிமிடமேனும் கத்தரிக்கோலை ஒதுக்கி வைத்துவிட்டு, அக்குழுவை நம்பி, இசையை ஓடவிட்டிருக்கலாம். இருந்தபோதிலும், பிறர் வறுமையைக் காட்டிக் காசு பறிக்கும் படம் அன்று இது. உழைப்பாளிகளை உழைப்பாளிகளாகவே காட்டுகிறது. அவர்களைக் கொண்டு நமக்கு உபதேசம் செய்யவில்லை. அதற்காக அவ்விரு ஜெர்மானியரையும் பாராட்டுகிறேன்.

படம் வெளிவந்தபின் குழுவின் பெயர் பரவியது. 2013-இல் இலண்டனின் ராயல் பில்ஹார்மோனிக் கழகம் டியாங்கியெண்டாவுக்குக் கௌரவ உறுப்பினர் பட்டம் வழங்கியது. 2014-இல் குழு இங்கிலாந்துக்குச் சென்று வாசித்தது. பிரேக் கம்பிகளுக்கு மாற்றாக நல்ல தந்திகளும் கிடைக்கலாயின. பிடில்காரர்களுக்கு நல்ல ஆசான்கள் தொடர்ந்து கிடைப்பதே அதனினும் தேவையானது.

இப்படத்தைக் காண வாய்ப்புள்ள அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கண்டு முடித்தபின் ஒருமுறை, திரையைப் பாராமல், கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். செல்லோ எங்கே தொடங்குகிறது என்று கவனியுங்கள்.