வீடு யாருடைய பெயரில்?
சீதனக் கதைகள் பற்றிச் சில எண்ணங்கள்

எமது சீதனக் கதைகளில் ஒரு வாப்பா வருவார். கூலிக்காரராகவோ, மீன் வியாபாரியாகவோ, சில்லறைக் கடைக்காரராகவோ இருப்பார். வீட்டில் மூன்று குமர்கள். மூத்தவளுக்கு வீடு கட்டி முடிப்பதற்குள் அவருக்கு நெஞ்சுவலி வந்துவிடும். கடைசிப் பந்தியில் கூரை ஏறாத சுவர்கள் நிற்கும். மாணவப் பருவம் தொட்டு இந்தக் கதையைப் பல தலைப்புகளில் வாசித்திருக்கிறேன். வகுப்பிலும் வாசித்துக் காட்டியிருக்கிறேன். அதில் பொய் ஒன்றுமில்லை. இப்படியான வாப்பாமார் எங்கள் ஒவ்வோர் ஒழுங்கையிலும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். ஆயினும் கதை எப்போதும் கலியாணத்தோடு அல்லது அதற்கு முன்னரே முடிந்துவிடுகிறது. அந்த வீட்டு உறுதி யாருடைய பெயரில் எழுதப்பட்டது? அதற்குள் வாழப்போன பெண் அந்த உறுதியை வைத்துக்கொண்டு என்ன செய்தாள்? இவற்றை எமது படைப்பாளிகள் கேட்பது மிக அரிது.

இந்தக் குறை எனக்குத் தெளிவாகத் தெரிந்தது, பீனா அகர்வாலின் 'ஏ ஃபீல்ட் ஒஃப் வன்ஸ் ஓன்' என்ற நூலை வாசித்தபோதுதான். 1994இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட பெரிய நூல் அது. 'தனக்கென்றொரு வயல்' என்று தமிழில் சொல்லலாம். வேர்ஜினியா வூல்ஃப் 1929இல் பெண்ணுக்குத் தனக்கென்றோர் அறை வேண்டும் என்று எழுதியதை நினைவூட்டும் தலைப்பு. அகர்வால் இலக்கியக்காரர் அல்லர், பொருளியலாளர். இந்தியா, பாகிஸ்தான், வங்காளதேசம், நேபாளம், இலங்கை ஆகிய ஐந்து நாடுகளை எடுத்துக்கொண்டு அவர் முன்வைக்கும் வாதம் எளிமையானது. கிராமத்துப் பெண்ணுக்குப் படிப்பும் தொழிலும் மட்டும் போதா. நிலம் அவளுடைய பெயரிலும் கையிலும் இல்லாதவரை குடும்பத்துக்குள் அவளுடைய பேச்சுக்குப் பெறுமதி குறைவு என்கிறார். "இந்தக் குடும்பம் முறிந்தால் நான் எங்கே போவேன்?" என்ற கேள்விக்கு அவளிடம் ஒரு விடை இருக்கவேண்டும். அந்த விடை இருக்கிறது என்பதைக் கணவனும் அறிந்திருப்பான். ஆகவே முறியாத குடும்பத்திலும் அது வேலை செய்யும்.

அந்த நூலில் இலங்கைக்குத் தனியிடம் உண்டு. கண்டிச் சிங்களவர், யாழ்ப்பாணத் தமிழர், கிழக்கு முஸ்லிம்கள் ஆகியோரிடையே பெண்மக்களுக்குச் சொத்துக் கொடுக்கும் வழக்கம் இருந்தமைக்கு அவர் காட்டும் காரணங்களில் ஒன்று, பெண் தூரத்துக்குப் போவதில்லை என்பது. வட இந்தியாவில் மகளை அறியாத ஊருக்குக் கட்டிக்கொடுக்கிறார்கள். அவளுக்குக் கொடுத்த நிலம் அந்நியன் கைக்குப் போய்விடும் என்று அஞ்சுகிறார்கள். எங்களிடையே மாமி மகன் மச்சான் பக்கத்து வளவிலிருந்துதான் வருகிறான். கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் பொத்துவிலிலும் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவார். அக்கரைப்பற்றில் 1969 முதல் கள ஆய்வு செய்த டெனிஸ் மெக்கில்வ்ரே, 2008இல் வெளியான 'குரூசிபிள் ஒஃப் கொன்ஃப்ளிக்ட்' நூலில் இதனை விரிவாக எழுதியிருக்கிறார். தாய்வழிக் குடியும், குடிவழி மரைக்காயர்மாரும், மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு விலகும் பெற்றோரும் அதில் வருகிறார்கள்.

இங்கேதான் எமது சிறுகதைகள் மீது எனக்கு மனத்தாங்கல். கணவனோடு சண்டை பிடித்த பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தாய் வீட்டுக்கு நடக்கும் காட்சியை எங்கள் பக்கத்துக் கதைகளிலும் வாசித்திருக்கிறேன். அது தமிழ்நாட்டுக் கதைகளிலும் படங்களிலும் இருந்து வந்த காட்சி. எங்கள் ஊர்களில் சண்டை முற்றினால் சேர்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டு உம்மா வீட்டுக்குப் போகிறவர் கணவர். "இது என்ட ஊடு, ஒங்கட உம்மாட ஊட்டுக்குப் போங்க" என்று சொல்லக்கூடிய பெண்ணை எமது ஆக்க இலக்கியத்தில் நான் அதிகம் சந்திக்கவில்லை, ஒழுங்கையில் சந்தித்திருக்கிறேன். ஒரு சமூகத்தின் யதார்த்தத்தை எழுதுகிறோம் என்கிறவர்கள், யார் எந்த வாசலால் வெளியே போகிறார் என்பதையாவது சரியாகப் பார்க்கவேண்டும்.

இதனால் எங்கள் பெண்கள் எல்லாம் சுதந்திரமாக இருக்கிறார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. உரிமை வேறு, ஆளுகை வேறு என்பதும் அகர்வாலின் முக்கியமான கருத்து. அதற்கு எங்கள் வயல்களைவிட நல்ல உதாரணம் கிடையாது. எனது ஊரில் எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்குச் சீதனமாக வீடும் மூன்று ஏக்கர் வயலும் கிடைத்தன. வெளிநாட்டுப் பயணத்துக்குப் பணம் தேவைப்பட்டபோது வீட்டை ஈடு வைக்கும்படி கணவர் கேட்டார். நொத்தாரிசு வீட்டு விறாந்தை வரைக்கும் போன அந்தப் பெண், கையொப்பமிடாமலே திரும்பிவந்தார். "ஊடு மூத்தவளுக்கு" என்பதுதான் அவர் சொன்ன ஒரே காரணம். அதே பெண், வயல் எந்த வட்டையில் எந்தப் பக்கம் கிடக்கிறது என்பதை இன்றுவரை பார்த்ததில்லை. குத்தகைக்குக் கொடுப்பது, எந்த நெல் விதைப்பது, வட்டவிதானையோடு தண்ணீருக்கு வாதாடுவது, அறுவடைக் காசை எண்ணுவது எல்லாம் கணவர். கமநல சேவை நிலையத்தில் பயிர்செய்பவராக இருக்கும் பெயரும் அவருடையதே. உறுதி இரண்டும் ஒரே அலுமாரியில்தான் கிடக்கின்றன. பெண் நிற்கும் இடம், சமைக்கும் இடம், உம்மாவும் ராத்தாவும் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் இடம் வீடு. வயலுக்குப் போக அவளுக்கு வழியில்லை.

அந்தப் பெண்ணின் "மூத்தவளுக்கு" என்ற சொல்லிலும் ஒரு சிக்கல் உண்டு. கணவனுக்கு மறுக்கும் வலுவை வீடு அவருக்குக் கொடுத்தது. ஆனால் அதைத் தனக்கென்று அவர் மறுக்கவில்லை. மகளின் கலியாணத்தோடு பின்வளவில் ஓர் அறைக்கு, அல்லது இளைய குமருக்காகக் கட்டும் அடுத்த வீட்டுக்கு அவர் போய்விடுவார். சிலர் உறுதியில் சீவிய உரித்தை வைத்துக்கொள்கிறார்கள். பலர் அதுவும் இல்லாமல் எழுதிக் கொடுக்கிறார்கள். எல்லா மகள்மாருக்கும் கொடுத்து முடித்த உம்மா கடைசியில் யாருடைய வீட்டில், எந்தக் குரலில் பேசுகிறார்? ஒரு நாவலுக்கே இடமுள்ள விடயம் இது. வீட்டைக் கட்டும் வாப்பாவின் இடத்துக்கு உம்மா வந்தும் பல காலமாகிவிட்டது. 1980களிலிருந்து சவூதிக்கும் குவைத்துக்கும் வீட்டுப் பணிப்பெண்களாகப் போனவர்களின் காசில் எத்தனை சீதன வீடுகள் எழும்பின! கதையில் இன்னமும் வாப்பாதான் கல் சுமக்கிறார்.

அகர்வால் மீதும் எனக்கு ஒரு முறைப்பாடு உண்டு. தலைப்பிலேயே வயலை வைத்த அவர், அந்த நூலில் வீட்டுக்குப் போதிய இடம் கொடுக்கவில்லை. வீட்டின் கனத்தைக் காட்டியது அவரே பின்னர் செய்த ஆய்வு. கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்துப் பெண்களிடம் விசாரித்து, பிரதீப் பண்டாவுடன் சேர்ந்து 2005இல் அதனை வெளியிட்டார். காணியோ வீடோ இல்லாத பெண்களில் 49 வீதத்தினர் கணவனின் நீண்டகால உடல்ரீதியான வன்முறைக்கு ஆளாகியிருந்தனர். காணி மட்டும் உள்ளவர்களில் இது 18 வீதம், வீடு மட்டும் உள்ளவர்களில் 10 வீதம், இரண்டும் உள்ளவர்களில் 7 வீதம். வயலைவிட வீடு கூடுதலாகக் காத்திருக்கிறது. எங்கள் மூதாட்டிகளிடம் கேட்டிருந்தால் இதைக் கணக்கில்லாமலே சொல்லியிருப்பார்கள்.

சட்டத்தைப் பொறுத்தவரை, யாழ்ப்பாணத் தேசவழமையில் மணமான பெண் தன் காணியை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். இஸ்லாமிய சட்டத்தில் பெண்ணின் சொத்து பெண்ணுடையது. கணவனின் கையொப்பம் தேவையில்லை. சூறத்துன் நிஸாவின் 7ஆவது வசனம் பெற்றோர் விட்டுச்செல்வதில், சிறிதோ பெரிதோ, பெண்ணுக்கும் பங்கு வைத்திருக்கிறது. மறுபக்கம், 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் குடியேற்றத் திட்டங்களில் வழங்கிய காணிகளுக்கு, பின்னுரித்தாளர் பெயர் குறிக்கப்படாதவிடத்து மகள்மாருக்கு முன் மகன்மார்தான் வாரிசு. 2022இல்தான் அது திருத்தப்பட்டது.

இப்போது சீதன எதிர்ப்புக்கு வருவோம். மிம்பர்களிலும் மேடைகளிலும் அது வலுவாக ஒலிக்கிறது. ரொக்கமும் கைக்கூலியும் ஒழியட்டும். அதில் இரண்டாம் பேச்சில்லை. கைக்கூலியை மனைவி திருப்பிக் கேட்கலாம் என்று 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் இடமளித்தும், கேட்டு வாங்கியவர்கள் எங்கள் பக்கத்தில் எத்தனை பேர்? ஆனால் வீட்டையும் ரொக்கத்தையும் ஒரே மூட்டையில் கட்டி எறிவதை என்னால் ஏற்க முடியவில்லை. இருப்பிடம் கணவனின் பொறுப்பு என்பது மார்க்கம் சொல்வது, சரி. கணவன் கட்டிய வீட்டில் தலாக் சொல்லப்பட்ட பெண் இத்தாக் காலம் முடிந்த பிறகு எங்கே இருப்பாள்? கடன்பட்டு வீடு கட்டும் வாப்பாவைக் காப்பாற்றவும் வேண்டும், அந்த வாசலில் பெண்ணுக்கு இருக்கும் வலுவை இழக்காமலிருக்கவும் வேண்டும். மகனுக்கு எழுதும்போது மகளுக்கும் எழுதுவதா, மஹரைக் காணியாகக் கேட்பதா? இந்த இக்கட்டில் நிற்கும் ஒரு குடும்பத்தைக் கதையாக்கலாம். மாறாக, சமீப காலமாக மாப்பிள்ளை வீட்டார் "இருவர் பெயரிலும் எழுதுங்கள்" என்று கேட்பதைச் சிலர் முன்னேற்றம் என்கிறார்கள். வாப்பாவின் செலவில் ஒரு கல்லும் குறையவில்லை. பெண்ணின் பங்கு மட்டும் பாதியாகிவிட்டது.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின்னர் இந்தப் பாதி கூட இல்லாமல் போனது. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருதுக் கரையோரத்தில் அழிந்தவற்றில் எத்தனையோ, பெண்களின் பெயரில் இருந்த சீதன வீடுகள். மாற்று வீடுகளுக்கான படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்று ஒரு கூடு இருந்தது. அதில் பெரும்பாலும் ஆணின் பெயர் விழுந்தது. வேலிக்கு அப்பாலிருந்த உம்மாவும் சகோதரிகளும் வெவ்வேறு திட்டங்களுக்குச் சிதறினார்கள். சுனாமி பற்றி ஏராளமான கவிதைகளும் கதைகளும் வந்தன. அலையையும் மையித்துகளையும் எழுதியவர்கள் உண்டு. தன் வீட்டுக்குப் பதிலாகக் கிடைத்த வீட்டின் சாவியைக் கணவர் வாங்கிவருவதைப் பார்த்துக்கொண்டு நின்ற பெண்ணை எழுதியவரை நான் இன்னும் வாசிக்கவில்லை. எழுதியிருந்தால், அந்தப் பிரதியை எனக்கும் அனுப்பிவைக்கவும்.