தரையைத் தொடும் விரல்

எங்கள் வீட்டு அலமாரியில் சாண் உயரப் பித்தளைப் புத்தர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். இடக்கை மடியில், வலக்கை முழங்காலைத் தாண்டித் தரையைத் தொடுகிறது. தவத்தைக் கலைக்க வந்த மாரன் மிரட்டியபோது பூமியையே சாட்சிக்கு அழைத்த கை அது. தொங்கும் காதுமடல்கள், இளவரசனாக இருந்தபோது போட்டுக் கழற்றிய கனத்த குண்டலங்களின் மிச்சம் என்பார்கள். துறந்த நகையைக் காட்டாமல், அது இருந்த இடத்தை மட்டும் காட்டுவது என்ன நாசூக்கு!

நாகப்பட்டினத்தில் 1856 முதல் கிடைத்த சுமார் 350 பௌத்தப் படிமங்களில் பலவற்றின் உச்சியில் ஒரு தீச்சுடர் நிற்கும். எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். நம்மவருக்குச் சுடர் இல்லை, சுருள்முடி மட்டும்தான்.

ஒருமுறை குத்துவிளக்கோடு சேர்த்து அவரையும் புளி போட்டுத் தேய்த்துவிட்டேன். பளபளப்பு வந்தது, ஆனால் சுருள்களுக்கு நடுவே படிந்திருந்த கருமை போய், முகம் தட்டையாகிவிட்டது. சரியாகத் துடைக்காததில், ஈரம் தங்கிய துறவாடை மடிப்பில் பச்சைக் களிம்பு வேறு. அந்தக் கருமைதான் அவருக்கு நிழல் என்று அப்போதுதான் உறைத்தது. இப்போதெல்லாம் மெல்லிய தூரிகை, உலர்ந்த பருத்தித் துணி, அவ்வளவுதான். உங்கள் வீட்டுச் சிலை பொன்முலாம் பூசியதென்றால், புளியை அதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.