புரொப்பேன் டிராக்டருக்கு எந்த கேஜ்?

பெட்ரோல் டேங்கில் எவ்வளவு மிச்சம் என்று சந்தேகம் வந்தால் மூடியைத் திறந்து குச்சியை விட்டுப் பார்த்துவிடலாம். புரொப்பேன் டேங்கில் அது நடக்காது. 20 டிகிரி செல்சியஸிலேயே உள்ளிருக்கும் அழுத்தம் வெளிக்காற்றைப் போல எட்டு மடங்குக்கு மேல். 1941-இல் மின்னியாபோலிஸ்-மோலின் நிறுவனம் புரொப்பேனுக்கென்றே அமைத்த டிராக்டரை அமெரிக்காவில் விற்கத் தொடங்கியது. 1950களில் ஜான் டீரும் ஃபார்மாலும் அந்த வழியில் வந்தன. அந்த வண்டிகளில் சில இன்றும் ஓடுகின்றன. அவற்றில் பழைய கேஜ் செத்துப்போயிருந்தால் என்ன பொருத்துவது என்பதில் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். எல்லா யோசனைக்கும் சம மதிப்பில்லை.

‘ஓடிய மணிக்கணக்கு தெரிந்தால் போதாதா, கேஜ் எதற்கு?’ என்பவர்கள் உண்டு. போதாது. ஆழ உழும் ஒரு மணி நேரமும் காலி டிரெய்லரை இழுக்கும் ஒரு மணி நேரமும் ஒரே அளவு எரிபொருளைக் குடிப்பதில்லை. லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் புரொப்பேனில் பெட்ரோலைவிட ஏறக்குறைய கால் பங்கு ஆற்றல் குறைவு. டேங்கையும் 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பக் கூடாது. ஆகவே டேங்க் சீக்கிரம் தீரும். நடு வயலில் தீர்ந்தால் கேனில் வாங்கி வந்து ஊற்ற முடியாது.

மலிவான தீர்வாகச் சொல்லப்படுவது அழுத்தமானி. அதை முழுக்க நிராகரிக்க வேண்டும். டேங்கில் திரவம் இருக்கும்வரை அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலைதான், அளவு அல்ல. முக்கால் டேங்கும் அடியில் கொஞ்சம் கிடக்கும் டேங்கும் ஒரே எண்ணைக் காட்டும். 0 டிகிரியில் வெளிக்காற்றைப் போல ஐந்து மடங்குக்குச் சற்றுக் குறைவாக இருப்பது 40 டிகிரியில் பதினான்கு மடங்கை நெருங்கும். முள் சொல்வது வானிலையை.

டேங்கின் வெளிப்புறம் ஒட்டும் பட்டைகளும் இங்கே உதவாது. வீட்டு சிலிண்டரில் எரிவாயு உள்ளேயே ஆவியாவதால் திரவம் இருக்கும் பகுதி குளிர்கிறது. பட்டை காட்டுவது அந்தக் குளிர்ச்சியை. டிராக்டர் வேலையில் இருக்கும்போது எடுப்பது திரவத்தை. அது ஆவியாவது டேங்குக்கு வெளியே, இன்ஜின் வெந்நீரில் சூடாகும் கன்வெர்ட்டரில். பட்டைக்கு வேண்டிய குளிர்ச்சியே டேங்கில் தோன்றாது. தோன்றினாலும் அது காட்டுவது உயரத்தைத்தான்: படுத்த உருளையில் கால் பங்கு உயரத்துக்குத் திரவம் நின்றால் கொள்ளளவு 20 சதவீதத்தைக்கூட எட்டாது. எங்கே தவறக் கூடாதோ அங்கேதான் ஏமாற்றும்.

மிஞ்சுவது மிதவை கேஜ். இதன் நுட்பம் எனக்கு மிகவும் பிடித்தது. உள்ளே மிதவையோடு சேர்ந்து ஒரு தண்டு சுழல்கிறது. தண்டின் முனையில் காந்தம். சுவருக்கு வெளியே இருக்கும் டயலின் முள் அந்தக் காந்தத்தைப் பின்தொடர்கிறது. சுவரைத் துளைத்து எதுவும் வெளியே வராததால் தேய்ந்து கசிய அங்கே சீல் இல்லை. மிதவைத் தண்டின் நீளம் டேங்கின் விட்டத்துக்குப் பொருந்த வேண்டும். டயலின் பிரிவுகள் உருளைக்கென்று குறித்தவையாக இருக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்று தவறினாலும் முள் பொய் சொல்லும். சரிவில் நின்றாலும் சொல்லும். சமதளத்தில் நிறுத்திப் படிக்க வேண்டும்.

இருக்கையிலிருந்தே பார்க்க வேண்டுமென்றால் டயலை மட்டும் மாற்றி, மின்சென்சார் உள்ள டயலைப் போடலாம். பெரும்பாலும் இரண்டு சிறு ஸ்குரூதான், டேங்க் திறக்கப்படுவதில்லை. டேஷ்போர்டு மீட்டரும் சென்சாரும் ஒரே மின்தடை அளவுக்கு உரியவையா என்று வாங்கும் முன்பே பார்க்க வேண்டும். வயருக்கு ஃபியூஸ் தேவை. நிரப்பும் வால்வை விட்டுத் தள்ளிக் கொண்டுபோக வேண்டும்.

மிதவையே பழுதென்றால் கதை வேறு. டேங்கை முழுக்கக் காலி செய்து, உள்ளிருக்கும் வாயுவையும் வெளியேற்றிய பிறகே கேஜைத் தாங்கும் ஃபிளேஞ்சைக் கழற்றலாம். அது உரிமம் பெற்றவர் வேலை. கேஜுக்குத் திறப்பே இல்லாத டேங்கில் துளையிட்டு வெல்டிங் வைக்கும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். தகுதியுள்ள பட்டறையில் டேங்கையே மாற்றிக்கொள்வதுதான் வழி.

எவ்வளவு நல்ல கேஜும் நிரப்பும்போது தீர்ப்புச் சொல்லத் தகுதியற்றது. அந்த அதிகாரம் 80 சதவீத மட்டத்தில் முடியும் சிறு குழாய்க்கும் அதன் பிளீடர் வால்வுக்கும் உரியது. வால்விலிருந்து வெண்புகைபோலத் திரவம் பீறிட்டதும் நிரப்புவதை நிறுத்த வேண்டும். வெயிலேறினால் புரொப்பேன் தண்ணீரைவிடப் பல மடங்கு விரியும். மேலே விட்ட காலியிடம் அதற்காகத்தான். இந்த வால்வு அடைத்துக் கிடக்கும் வண்டிக்குப் புது கேஜ் வாங்குவது பணத்தை வீணாக்குவது. முதலில் வால்வு, அடுத்து காந்த மிதவை. டேஷ்போர்டு மீட்டர் வசதிக்கு மட்டும். அது இல்லாமலும் உழலாம்.