பெரார்கஞ்சின் பயோடேட்டாவில் விடுபடுவது

அந்தமானின் பெரார்கஞ்சிலிருந்து ஸ்ரீ விஜயபுரத்துக்கு (2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேர்) வேலை தேடிப் போகும் பிள்ளைகளின் ஃபைலைத் திறந்தால், பயோடேட்டாக்கள் பெரும்பாலும் ஒரே அச்சில்தான் இருக்கும். பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, மதம், திருமண நிலை. பிறகு மதிப்பெண்கள். நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பாடுபடுவேன் என்றொரு குறிக்கோள். அடியில், மேற்கண்டவை உண்மை என்ற உறுதிமொழியும் கையெழுத்தும்.

இந்தப் படிவத்தை ஒரேயடியாக ஒதுக்கிவிட மனம் வரவில்லை. வீட்டில் வழிகாட்ட ஆளில்லாத முதல் தலைமுறைப் பட்டதாரியும் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து கால் மணி நேரத்தில் இதை முடித்துவிடலாம். சொன்னது சான்றிதழோடு ஒத்துப்போகும். பொய்க்கு அதிகம் இடமில்லை. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்து தீவில் இணையம் வேகமெடுத்தது. அதில் கிடைக்கும் வண்ண வண்ண மாதிரிகளில் ‘தலைமைப் பண்பு 90 சதவீதம்’ என்று பட்டை வரைவதைவிட இந்தப் பழைய தாள் எவ்வளவோ நேர்மையானது.

ஆனால் இது அரசு விண்ணப்பத்தைப் பார்த்து வளர்ந்த படிவம். அரசு வேலையிலோ பயோடேட்டாவின் அழகை யாரும் பார்ப்பதில்லை. மத்திய அரசின் கீழ்நிலைப் பணிகளுக்கு 2016 ஜனவரி 1 முதல் நேர்முகத் தேர்வே கிடையாது. எழுத்துத் தேர்வும் சான்றிதழும்தான் பேசும். இந்தத் தாளைப் படித்து ஆளெடுப்பவர்கள் ஹோட்டல்காரர்கள், படகு நிறுவனங்கள், ஸ்வராஜ் த்வீப்பின் டைவிங் மையங்கள். அவர்கள் தேடுவது இதில் இல்லை.

‘தெரிந்த மொழிகள்’ என்ற வரியையே எடுத்துக்கொள்வோம். தமிழ், இந்தி, வங்காளம், ஆங்கிலம் என்று கடைசியில் போட்டு முடித்துவிடுகிறார்கள். 2011 கணக்கெடுப்பின்படி இந்தத் தீவுகளில் வங்காளம் பேசுவோர் சுமார் 28 சதவீதம், தமிழர் 15 சதவீதம். கூடவே வளர்ந்ததால் நான்கு மொழி பேசுவது நம் பிள்ளைக்குப் பெரிதாகத் தெரிவதில்லை. கொல்கத்தாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் விருந்தினர் வந்திறங்கும் ஹோட்டலுக்கு அது பெரிய விஷயம். ‘வண்டூரில் ஜாலி பாய் தீவு சீசனில் படகில் வேலை பார்த்தேன், பயணிகளுக்குப் பாதுகாப்பு விதிகளைத் தமிழிலும் இந்தியிலும் வங்காளத்திலும் சொன்னேன்’ என்று செய்தவர் எழுதட்டும். அந்த ஒரு வரி, பக்கத்தின் உச்சியில் இருக்க வேண்டியது. 1480-களில் மிலன் ஆட்சியாளரிடம் வேலை கேட்டு எழுதிய கடிதத்தில் லியோனார்டோ டா வின்சியும் பாலம், பீரங்கி என்று அவருக்கு வேண்டியதை முதலில் அடுக்கினார். ஓவியத்தைக் கடைசியில்தான் சொன்னார்.

மதம் என்ற வரிதான் என்னை அதிகம் உறுத்துகிறது. சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007-இல் வெளியிட்ட ஆய்வுக்காக, இந்தியத் தனியார் நிறுவனங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்கள் வெவ்வேறு பெயர்களில் அனுப்பப்பட்டன. தலித், முஸ்லிம் பெயர்களுக்கு அழைப்பு வரும் வாய்ப்பு குறைவாக இருந்தது. பெயரே இவ்வளவு செய்யும்போது, கேட்காத மதத்தையும் நாமே எழுதித் தருவது எதற்கு?

கல்லூரி ஆசிரியர்களும் தட்டச்சு செய்து தரும் கடைக்காரர்களும் மனது வைத்தால் இது மாறும். தனியார் வேலைக்கென்று வரும் பிள்ளையின் தாளிலிருந்து மதத்தையும் திருமண நிலையையும் எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் எழுத, இதுவரை என்ன வேலை செய்திருக்கிறாய் என்று அவர்களைக் கேளுங்கள்.