முகத்தைப் பறித்தவர்களும் கேட்டு வாங்கியவர்களும்

உருவப்படக் கலையைப் பற்றிப் பேச வருகிறவர்கள் புகைப்படக் கலைஞர் யூசுஃப் கார்ஷின் கதையைச் சொல்லாமல் விடுவதில்லை. 1941 டிசம்பர் 30, ஒட்டாவா. சர்ச்சிலின் வாயிலிருந்த சுருட்டைக் கார்ஷ் சட்டென்று பிடுங்கினார், சர்ச்சில் முறைத்தார், அந்த முறைப்பு உலகப் புகழ் பெற்றது. அசந்த நேரத்தில் அகப்படுவதுதான் உண்மை முகம் என்ற நம்பிக்கைக்கு இந்தக் கதை வேதவாக்காகிவிட்டது. இன்று கல்யாண வீடுகளில் ‘கேண்டிட்’ என்று தனிக் கட்டணம் வாங்குவதும் இந்த நம்பிக்கையை வைத்துத்தான். ஆனால் அதே சந்திப்பில், இன்னொன்று எடுத்துக்கொள் என்று சர்ச்சிலே அனுமதி தந்து, புன்னகையோடு நின்ற படமும் உண்டு. அதைப் பற்றிப் பேசுவாரில்லை.

பறித்த முகம் உண்மை, கொடுத்த முகம் பாசாங்கு என்ற இந்தப் பாகுபாடு தவறானது. தன் முகத்தோடு ஒருவருக்கு உள்ள சச்சரவைத் தீர்த்துவைத்த படங்கள் பெரும்பாலும் இருவர் பேசி முடிவெடுத்து எடுத்தவை.

புகைப்படக் கலையின் தொடக்கக் காலத்திலேயே இதற்குச் சான்று இருக்கிறது. காஸ்டிக்லியோன் சீமாட்டி 1856 முதல் பாரிஸில் பியர்-லூயி பியர்சனின் கேமரா முன் நானூறுக்கும் மேற்பட்ட முறை நின்றார். உடை, கோணம், பாவனை எல்லாம் அவர் முடிவு. படத்தை எடுத்தது யார் என்ற கேள்விக்கு அங்கேயே இரண்டு விடை வந்துவிட்டது. இருபதாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கலைஞர் க்ளோட் கஹூன் தலையை மழித்தும் வேடம் பூண்டும் எடுத்துக்கொண்ட படங்களை இன்று தனிமனிதத் தேடலாகக் கொண்டாடுகிறார்கள். அவற்றில் பலவற்றுக்குக் கேமராவின் பின்னால் நின்ற வாழ்க்கைத் துணை மார்செல் மூரின் பெயர் மட்டும் விடுபட்டுப்போகிறது.

1948இல் மாலி நாட்டின் பமாகோவில் ஸ்டுடியோ திறந்த செய்டூ கெய்ட்டாவிடம் இந்தக் கூட்டுறவு ஒரு தொழில்முறையாகவே மலர்ந்தது. சுவரில் மாதிரிப் படங்களை மாட்டியிருந்தார். வந்தவர்கள் அதைப் பார்த்துத் தங்களுக்குப் பிடித்த நிலையைத் தேர்ந்தார்கள். கோட்டு, கைக்கடிகாரம், பேனா, ரேடியோ, ஸ்கூட்டர் எல்லாம் அவரிடம் இருந்தன. தன் படுக்கை விரிப்பையே பின்திரையாகத் தொங்கவிட்டார். தோளை இப்படித் திருப்பு, கையை இங்கே வை என்று அவர் சொல்ல, உட்கார்ந்தவர் தான் ஆக விரும்பிய ஆளாக ஆனார். அந்த முகங்களில் உள்ள நிமிர்வை எந்தப் பதுங்கிய கேமராவும் பிடித்ததில்லை. ஆனால் 1991இல் நியூயார்க்கில் அவர் படங்களைக் காட்சிக்கு வைத்தபோது, எடுத்தவர் பெயர் தெரியாது என்றே குறிப்பு இருந்தது.

1985இல் அமெரிக்காவில் இரண்டு புத்தகங்கள் வெளிவந்தன. ஒன்று ரிச்சர்ட் அவெடனின் ‘இன் தி அமெரிக்கன் வெஸ்ட்’. வெள்ளைக் காகிதத்தின் முன் சுரங்கத் தொழிலாளிகளையும் நாடோடிகளையும் நிறுத்தி எடுத்த, மறக்க முடியாத, இரக்கமற்ற படங்கள். மற்றது ஜிம் கோல்ட்பெர்க்கின் ‘ரிச் அண்ட் புவர்’. சான்பிரான்சிஸ்கோவின் ஏழைகளையும் செல்வந்தர்களையும் எடுத்து, படத்தை அவர்களிடமே கொடுத்து, ஓரத்தில் அவர்கள் கையெழுத்திலேயே எழுதவைத்தார். அவெடனின் படங்களில் பேசுவது அவெடன் மட்டும்தான். கோல்ட்பெர்க்கின் படங்களில் உட்கார்ந்தவர்கள் மறுத்துப் பேசுகிறார்கள், ஆசையைச் சொல்கிறார்கள், தங்களைப் பற்றித் தாங்களே தீர்ப்பு எழுதுகிறார்கள். அச்சழகில் அவெடனே மேல். ஆனால் இந்தக் கலை எந்தப் பக்கம் போயிருக்க வேண்டும் என்று கேட்டால் கோல்ட்பெர்க் பக்கம் என்பதே பதில்.

அந்தப் பாதையில் எல்லோரையும்விடத் தொலைவு நடந்தவர் ஜோ ஸ்பென்ஸ். தமிழில் அவரைப் பற்றி அநேகமாக யாரும் எழுதவில்லை என்பது பெரிய குறை.

1934இல் லண்டனில் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். 1967 முதல் 1974 வரை சொந்த ஸ்டுடியோ நடத்தி, கல்யாணப் படமும் குடும்பப் படமும் எடுத்துக் கொடுத்தவர். வாடிக்கையாளரை அழகாகக் காட்டும் வித்தை அனைத்தும் அவருக்குக் கைவசம். அந்த வித்தை எதையெல்லாம் மறைக்கிறது என்பதும் அந்த அனுபவத்தால்தான் தெரிந்தது. குடும்ப ஆல்பத்தில் சண்டை இல்லை, நோய் இல்லை, வேலைக் களைப்பு இல்லை. 1979இல் காட்சிக்கு வைத்த ‘பியாண்ட் தி ஃபேமிலி ஆல்பம்’ இந்த மௌனத்தை உடைத்தது. எட்டரை மாதக் குழந்தையாக நிர்வாணமாகப் படுத்திருந்த தன் பழைய படத்தின் பக்கத்தில், 528 மாதம் கழித்து அதே நிலையில் படுத்த நாற்பத்து நான்கு வயது உடலையும் வைத்தார்.

1982இல் மார்பகப் புற்றுநோய் வந்தது. அறுவைச் சிகிச்சைக்கு முன் தன் கூட்டாளி டெரி டென்னெட்டுடன் சேர்ந்து எடுத்த படத்தில், இது ஜோ ஸ்பென்ஸின் உடைமையா என்று தன் மார்பிலேயே எழுதி ஒரு கேள்விக்குறியும் போட்டார். மருத்துவர்கள் தன்னைக் கேட்காமல் தன் உடலைப் பற்றிப் பேசிக்கொள்வதற்கு எதிரான கேள்வி அது.

அதன்பின் ரோசி மார்ட்டினோடு சேர்ந்து உருவாக்கிய ‘ஃபோட்டோ தெரபி’தான் அவருடைய பெருங்கொடை. இருவரும் முறை மாற்றிக்கொண்டார்கள். ஒருமுறை ஒருவர் உட்காருவார், மறுமுறை மற்றவர். என்ன உடை, என்ன பொருள், எந்தக் காட்சி என்று உட்காருகிறவர் தீர்மானிப்பார். கேமரா பிடிப்பவர் கேட்பார், துணை நிற்பார். ஸ்பென்ஸ் தன் தாயாகவே வேடமிட்டு, தொழிற்சாலையில் உழைத்த அந்தப் பெண்ணின் களைப்பைத் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டார். தாயின் மேலிருந்த பழைய கோபத்தை அப்படித்தான் அவரால் நேருக்கு நேர் பார்க்க முடிந்தது. படங்கள் எல்லாம் அழகானவை அல்ல. சில பார்க்கக் கூச வைப்பவை. தன்னை ஏற்பது என்றால் முகத்துக்குப் பூச்சுப் போடுவது என்று நினைப்பவர்களுக்கு ஸ்பென்ஸ் ஆகமாட்டார். 1992இல் ரத்தப் புற்றுநோயில் இறக்கும்வரை இந்தப் பணியை அவர் விடவில்லை. புதிதாகப் படமெடுக்க உடம்பு இடம் கொடுக்காதபோது பழைய படங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் புதியவை செய்தார்.

இந்தியாவில் இந்த வழியின் முதல் பெரிய புத்தகம் தயானிதா சிங்கின் ‘மைசெல்ஃப் மோனா அகமது’ (2001). 1989இல் லண்டன் ‘டைம்ஸ்’ இதழுக்காக டெல்லித் திருநங்கை மோனாவைப் படமெடுத்தபோது, வெளியிட வேண்டாம் என்று மோனா கேட்க, தயானிதா படச்சுருளைத் திருப்பிக் கொடுத்தார். அந்த விட்டுக்கொடுத்தலில் பிறந்த நட்பின் விளைவே இந்தப் புத்தகம். அதிலுள்ள சொற்கள் பதிப்பாளருக்கு மோனா அனுப்பிய மின்னஞ்சல்கள். கௌரி கில் 2003இல் ராஜஸ்தானின் லூண்கரண்சரில் நடந்த பெண்பிள்ளைகள் திருவிழாவில் ஒரு படக்கடை விரித்தார். எப்படி நிற்பது, யாரோடு நிற்பது என்பதைப் பிள்ளைகளே முடிவுசெய்தார்கள்.

நம் ஊர் ஸ்டுடியோக்களும் இந்த மரபில் வந்தவைதான். இரவல் கோட்டும் வரைந்த திரையும் செயற்கை என்று நம் அறிவாளிகள் எள்ளிய காலம் உண்டு. அந்த எள்ளல் குருட்டுத்தனமானது. பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பழைய தமிழ் ஸ்டுடியோ படங்களைத் தேடி மின்பதிவு செய்தது நல்ல காரியம். வாடிப்பட்டிக்காரரான ஜெய்சிங் நாகேஸ்வரன் பொதுமுடக்கக் காலத்தில் தன் வீட்டாரையே எடுத்த படங்களும், கூவாகம் திருவிழாவுக்கு வந்து லாட்ஜ் அறைகளில் தங்கும் திருநங்கைகளோடு சேர்ந்து எடுத்தவையும் அந்த மரபைப் புதுப்பிக்கின்றன.

ஒவ்வொரு சித்திரையிலும் அதே கூவாகத்தில் தாலி அறுத்து அழும் முகங்களைத் தொலைவிலிருந்து பறித்து, பெயரில்லாமல் அச்சிடுகின்றன நம் நாளிதழ்கள். அடுத்த சித்திரையிலாவது ஆசிரியர்கள் ஒன்று செய்யட்டும்: எடுத்த படங்களைப் படத்தில் இருப்பவரிடமே காட்டி, அவர் தேர்ந்ததை, அவர் சொல்லும் பெயரோடு போடட்டும்.